மார்ட்டின் ஃபூர்காட்: பனியும் துப்பாக்கியும்
பயத்லான் பற்றி நம் பக்கம் பேச்சே கிடையாது. எனக்கோ உலகத்திலேயே கடினமான விளையாட்டு இதுதான். மூன்றரைக் கிலோவுக்குக் குறையாத துப்பாக்கியை முதுகில் சுமந்து பனியில் சறுக்கி ஓட வேண்டும். இதயம் படபடக்கும்போதே ஓட்டத்தை நிறுத்தி, 50 மீட்டர் தள்ளி இருக்கும் ஐந்து இலக்குகளைச் சுட வேண்டும். படுத்துச் சுடும்போது இலக்கின் அகலம் வெறும் 45 மில்லிமீட்டர். தவறும் ஒவ்வொரு குண்டுக்கும் பெரும்பாலான பந்தயங்களில் 150 மீட்டர் கூடுதலாகச் சுற்ற வேண்டும்.

இதில் பிரான்சின் மார்ட்டின் ஃபூர்காட் 2012 முதல் 2018 வரை தொடர்ந்து ஏழு முறை உலகக் கோப்பையின் ஒட்டுமொத்தப் பட்டத்தை, அதாவது பருவம் முழுக்க நடக்கும் பந்தயங்களின் புள்ளிகளைக் கூட்டித் தரும் பட்டத்தை, வென்றார். ஏழு குளிர்காலம், விடாமல்!

2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் ஜெர்மனியின் சைமன் ஷெம்ப்பும் அவரும் ஒரே நேரத்தில் முடிவுக் கோட்டைத் தொட்டார்கள். தோற்றுவிட்டோம் என்று நினைத்து ஃபூர்காட் கோபத்தில் சறுக்குத் தடியை ஓங்கி அடித்தார். புகைப்படத்தைப் பார்த்தால் தங்கம் அவருக்கு! அந்த முகம் மாறிய நொடியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்காது.

அடுத்த பருவம் மோசமாகப் போனது. சரி, முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். அவர் மீண்டு வந்து, 2020 மார்ச்சில் ஃபின்லாந்தின் கொன்டியோலாட்டியில் கடைசிப் பந்தயத்தை வென்று ஓய்வு பெற்றார். கொரோனாவால் பார்வையாளர்களே இல்லை. ஒட்டுமொத்தப் பட்டம் வெறும் இரண்டு புள்ளிகளில் நார்வேயின் யோஹானஸ் போவிடம் போனது. எனக்கு இன்னமும் ஆறவில்லை.

அப்புறம் 2010 வான்கூவர் ஒலிம்பிக். அங்கே அவருக்குக் கிடைத்தது வெள்ளி. முதலில் வந்த ரஷ்ய வீரர் ஊக்கமருந்து விவகாரத்தில் தகுதி இழந்ததால், பதினைந்து ஆண்டு கழித்து அந்தத் தங்கமும் இவருக்கே வந்தது. ஆக மொத்தம் ஆறு ஒலிம்பிக் தங்கம்.