பழைய மாருதி 800-இன் டிரைவ் ஷாஃப்ட்: குறைந்த செலவில் சரிசெய்யும் வழிகள்

என் பழைய மாருதி 800-இன் ஸ்டியரிங்கை முழுவதுமாக ஒடிக்கும்போது முன்சக்கரத்தருகே ‘டக் டக்’ என்று சத்தம் எழவே, கியர்பாக்ஸின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும் தண்டான டிரைவ் ஷாஃப்ட்டையே மாற்றச் சொன்னார்கள் மெக்கானிக்குகள். இச்சத்தம் பெரும்பாலும் சக்கரப் பக்கத்து சிவி ஜாயின்ட் (சக்கரம் திரும்பினாலும் ஷாஃப்ட் தடையின்றிச் சுழல உதவும் இணைப்பு) தேய்ந்ததன் அடையாளம் என்பதால், அதை மட்டும் வாங்கிப் பொருத்தினாலே போதும். ஜாயின்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிந்து, சக்கரத்தின் உட்புறம் கறுத்த கிரீஸ் தெறித்திருந்தும் சத்தம் தொடங்கவில்லையெனில் செலவு இன்னும் குறைவு. ஜாயின்டைக் கழற்றிக் கழுவி, அதனுள் இருக்கும் குண்டுகளில் குழி விழவில்லை என்பதை உறுதிசெய்து, மாலிப்டினம் கலந்த கிரீஸை நிரப்பிப் புதிய பூட்டை மாட்டிவிடலாம். (தேய்ந்த ஜாயின்டில் சத்தத்தை மறைக்கக் கிரீஸைத் திணிப்பது, வண்டியை விற்கப்போகிறவர் செய்யும் வேலை.) சென்னை புதுப்பேட்டையில் பழைய ஷாஃப்ட் கிடைக்கும், ஆனால் ஷாஃப்ட் முனையிலுள்ள பற்களின் தேய்மானத்தையும் ஜாயின்டின் ஆட்டத்தையும் கையால் திருகிப் பார்க்காமல் பணம் கொடுக்கக்கூடாது. ஷாஃப்ட்டை உருவும்போது கியர் ஆயில் வடியுமாதலால், அந்தக் கசிவைத் தடுக்கும் வளையமான ஆயில் சீலையும் அப்போதே மாற்றிவிடுவது நல்லது.