பெயர் எழுதப்பட வேண்டிய நன்கொடை

ஒரு சிறிய கல்வி அறக்கட்டளையின் வரவு செலவுக் கணக்கைப் பல ஆண்டுகளாக எழுதி வருகிறேன். ஆண்டுதோறும் பெரிய தொகை அனுப்பும் ஒரு தொழிலதிபர், தம் பெயர் எங்கும் வரக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்வார். ஆண்டறிக்கையிலிருந்தும் கல்வெட்டிலிருந்தும் அவர் பெயரை நீக்கிவிடலாம். பதிவேட்டிலிருந்து நீக்க முடியாது. கொடுத்தவரின் பெயரும் முகவரியும் குறிக்கப்படாத நன்கொடைகள் சட்டம் வகுத்த வரம்பைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு அறக்கட்டளை 30 சதவீதம் வரி கட்ட வேண்டும் என்பது விதி; அதன் தொடக்கம் 2006-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம். கறுப்புப் பணம் அறத்தின் பெயரால் வெள்ளையாகிவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் அதே நாடாளுமன்றம் 2017-இல், தேர்தல் பத்திரம் (பெயர் வெளிப்படாமல் கட்சிக்குக் கொடுக்க வங்கியில் வாங்கும் பத்திரம்) வழியாகப் பணம் பெறும் அரசியல் கட்சிகள், கொடுத்தவர் யார் என்ற பதிவை வைத்திருக்கவே தேவையில்லை என்று சட்டத்தைத் திருத்தியது. ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுப்பவரைப் பெயர் கேட்கும் அரசு, ஆட்சியைப் பிடிக்கப் போகிறவர்களுக்குக் கொடுப்பவரைப் பெயர் கேட்காமல் விட்டது. இந்த முரண் என்னை இன்றளவும் உறுத்துகிறது.

வறியவருக்குக் கொடுப்பதும் கட்சிக்குக் கொடுப்பதும் ஒரே செல்வந்தரின் ஒரே கையிலிருந்து போகலாம். என்றாலும் இரண்டும் ஒரே இனத்தைச் சேர்ந்த செயல்கள் அல்ல. அளந்து கொடுத்து அதே அளவில் திரும்பப் பெறும் கைமாற்றைப் பழந்தமிழில் குறியெதிர்ப்பை என்றார்கள். பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்தவருக்கு அந்தப் பிள்ளைகளால் உரிமமோ ஒப்பந்தமோ வரிச்சலுகையோ தர இயலாது. கட்சியால் இயலும். ஆகவே அறக்கொடை மறைந்திருந்தால் யாருக்கும் இழப்பில்லை. அரசியல் கொடை மறைந்திருந்தால் வாக்களிக்கும் ஒவ்வொருவருக்கும் இழப்பு உண்டு.

இதைச் செயலில் காட்டிய ஒருவராக நான் ஜே. ஆர். டி. டாட்டாவை நினைக்கிறேன். 1938-இல் அவர் டாட்டா குழுமத்தின் தலைமையை ஏற்றபோது, அதன் தாய் நிறுவனப் பங்குகளின் பெரும்பகுதி குடும்ப அறக்கட்டளைகளின் கையில் இருந்தது. சர் தோராப்ஜி டாட்டா அறக்கட்டளையின் துணையோடு 1941-இல் மும்பையில் டாட்டா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. ஹோமி பாபா எழுதிய வேண்டுகோளை ஏற்று அதே அறக்கட்டளை உதவ, 1945-இல் அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது. இவையெல்லாம் பலரும் அறிந்தவை. அவ்வளவாகப் பேசப்படாதது அவர் 1961 ஆகஸ்டில் பிரதமர் நேருவுக்கு எழுதிய கடிதம்.

ராஜாஜி சுதந்திரா கட்சியைத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. டாட்டா நிறுவனங்கள் அதுவரை காங்கிரசுக்கு நிதி கொடுத்து வந்தன. ஒரே கட்சியின் ஆதிக்கம் நாட்டுக்கு நல்லதல்ல என்றும், பொறுப்புள்ள எதிர்க்கட்சி ஒன்று வளர வேண்டும் என்றும், எனவே காங்கிரசுக்குக் கொடுப்பதைத் தொடர்ந்துகொண்டே அதைவிடக் குறைந்த அளவில் சுதந்திராவுக்கும் கொடுக்க முடிவு செய்திருப்பதாகவும் அவர் நேருவுக்கே நேரடியாகத் தெரிவித்தார். அப்படிச் செய்ய உங்களுக்கு முழு உரிமை உண்டு என்று பதில் எழுதிய நேரு, அந்தக் கட்சி வலுவான எதிர்க்கட்சியாக வளரும் என்ற நம்பிக்கை தவறானது என்பதையும் சொன்னார். உரிமம் இல்லாமல் ஒரு தொழிற்சாலையை விரிவாக்கக்கூட முடியாத காலம் அது. எட்டாண்டுகளுக்கு முன்புதான் டாட்டா வளர்த்த விமான நிறுவனத்தை அரசு எடுத்துக்கொண்டிருந்தது. ஆளுங்கட்சி பழிவாங்கும் என்ற அச்சத்துக்கு எல்லாக் காரணங்களும் இருந்தும், மறைக்காமல் சொன்னார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அவருடைய எல்லா அரசியல் நிலைப்பாடுகளையும் நான் ஏற்கிறேன் என்று பொருளல்ல. நெருக்கடி நிலையை அவர் ஆதரித்துப் பேசியது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

இந்தக் கொடைகளின் ஆபத்தை நீதிமன்றம் அதற்கு முன்பே உணர்ந்திருந்தது. கட்சிகளுக்கு நிதி கொடுக்க ஏதுவாகத் தன் நிறுவன விதிகளைத் திருத்த டாட்டா இரும்பு எஃகு நிறுவனம் கேட்ட அனுமதி, 1957-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. அன்றைய சட்டத்தில் தடை இல்லாததால் அனுமதி கிடைத்தது. ஆனால் பெருநிறுவனப் பணம் மக்களாட்சியின் குரல்வளையை நெரித்துவிடக்கூடும் என்ற கருத்தில் தலைமை நீதிபதி சாக்ளா எச்சரித்தார். 1960-இல் தொகைக்கு உச்சவரம்பும், கணக்கில் வெளியிட வேண்டும் என்ற கட்டாயமும் வந்தன. 1969-இல் நிறுவன நன்கொடை முற்றாகத் தடைசெய்யப்பட்டு 1985-இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தில் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம் என்றிருந்த உச்சவரம்பையும் 2017-இல் நீக்கிவிட்டார்கள். அதனால் லாபமே இல்லாத நிறுவனமும் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றானது. தம்முடைய பணத்திலிருந்து கொடுக்க லாபமே இல்லாத நிறுவனம் யாருடைய பணத்தைக் கொடுக்கிறது என்று கேட்கக்கூட வழி இருக்கவில்லை.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகத் தேர்தல் பத்திரத் திட்டத்தைச் செல்லாது என்று அறிவித்தனர். அதற்குள் 16,000 கோடி ரூபாய்க்கு மேல் பத்திரங்கள் விற்கப்பட்டிருந்தன. அடுத்த மாதம் பத்திரம் வாங்கியவர்களின் பட்டியல் வெளியானபோது, 1,368 கோடி ரூபாய்க்கு வாங்கி முதலிடத்தில் இருந்தது ஒரு லாட்டரி நிறுவனம். அன்றிரவு அந்த நீண்ட பட்டியலை வரி வரியாகப் படித்தேன். நடந்து முடிந்த ஒரு பொதுத்தேர்தலிலும் பல சட்டமன்றத் தேர்தல்களிலும் வாக்களித்தவர்கள் தெரிந்திருக்க வேண்டியவை அவை.

இப்போது பத்திரம் இல்லை; காசோலையும், நிறுவனங்களிடம் நிதி திரட்டிக் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் தேர்தல் அறக்கட்டளைகளும் இருக்கின்றன, 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர் பெயரைக் கட்சிகள் தேர்தல் ஆணையத்துக்குத் தர வேண்டும். ஆனால் அந்த அறிக்கை நிதியாண்டு முடிந்த பிறகே தாக்கலாகிறது. மக்களவைத் தேர்தல் நடந்த 2024 ஏப்ரலிலும் மே மாதத்திலும் கொடுக்கப்பட்ட பணம், 2025 மார்ச்சோடு முடிந்த ஆண்டின் அறிக்கையில்தான் இடம்பெற வேண்டியிருந்தது. எங்கள் அறக்கட்டளைக்கு வரும் தொகைக்கு அன்றே ரசீது எழுதி, கொடுத்தவரின் பெயரையும் பான் எண்ணையும் அன்றே குறித்துக்கொள்கிறேன். கட்சிகளும் வாங்கிய சில நாட்களுக்குள், வாக்குப்பதிவுக்கு முன்பே அதை வெளியிட வேண்டும்.