நண்பகலில் மட்டும் வழிந்த கோழித் தண்ணீர்க் கேன்

கரூருக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் சிறுவிடை என்னும் நாட்டு இனக் கோழிகள் பதினான்கும் ஒரு சேவலும் வளர்கின்றன. சென்ற கோடையில், கொட்டகைத் தரையில் பரப்பியிருந்த உமி, தண்ணீர்க் கேனைச் சுற்றி நாள்தோறும் மதியத்துக்குள் ஊறிப்போனது. ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் முட்டைகள் ஈரமும் வெப்பமும் சேர்ந்த கூளத்தில்தான் முதிர்ந்து நோயைப் பரப்பும். ஆகவே, இரண்டு குஞ்சுகளின் எச்சத்தில் ரத்தம் கண்ட அன்று, கால்நடை மருத்துவர் தந்த மருந்தோடு நிறுத்திக்கொள்ளாமல், ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கண்டறிய முனைந்தேன்.

அது நானே செய்த 20 லிட்டர் கேன். வாயை இறுக மூடி, அடியிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில் ஒரு துளையிட்டு, அதைவிட உயர்ந்த விளிம்புடைய தட்டில் நிறுத்தியிருந்தேன். தட்டில் நீர் குறைந்து துளை வெளியே தெரியும்போது உள்ளே காற்று புகும், அதற்கு ஈடான நீர் வெளியே வரும். நீர் மீண்டும் துளையை மூடியதும் வரத்து நின்றுவிடும். எங்கேனும் காற்று கசிந்தால் இந்த ஏற்பாடு பயனற்றுப் போகும் என்பதால், கேனை நீரில் அமிழ்த்தி அழுத்தி, குமிழி வருகிறதா என்று பார்த்தேன், வரவில்லை. மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றினேன். தரை சாய்ந்திருக்கிறதோ என்று ரசமட்டம் வைத்தும் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன, உமி மட்டும் நனைந்துகொண்டே இருந்தது.

மூன்று நாட்கள் அருகிலேயே உட்கார்ந்து கவனித்தபோதுதான் விடை கிடைத்தது. காலையில் நிரப்பிய கேன் ஒருபோதும் வழியவில்லை. பாதி காலியான பின், வெயில் நேராக விழும் வேளையில்தான் வழிந்தது. உள்ளே இருக்கும் 10 லிட்டர் காற்று 27 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்குச் சூடானால் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு விரிவடைகிறது, அதாவது அரை லிட்டர் நீரைத் துளை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. தட்டு அவ்வளவு நீரைத் தாங்காது. கேனில் பழுதே இல்லாதபோது அதைப் பழுது பார்க்க எத்தனை நாள் செலவழித்தேன் என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது, அந்த நாட்களிலும் குஞ்சுகள் ஈரத்தில்தான் நின்றன.

பெரிய கேனை நீக்கி, 5 லிட்டர் கேன்கள் இரண்டை வேப்பமர நிழலில் வைத்து, அவற்றைச் சுற்றி ஈரச் சாக்கைக் கட்டினேன். வழிவது நின்றது, வெளிச்சம் படாததால் பாசி பிடிப்பதும் குறைந்தது. கோழிகள் கிளறும் குப்பை தட்டில் விழாதபடி, கோழியின் முதுகு உயரத்துக்குச் செங்கல் அடுக்கி அதன்மேல் ஏற்றினேன்.

பின்னர் வாளியும் பி.வி.சி. குழாயும் கொண்டு நிப்பிள் (கோழி ஊசியைக் கொத்தினால் நீர் சொட்டும் சிறு திறப்பு) அமைத்தபோது நேர்மாறான சிக்கல் வந்தது. கேனில் பழகிய பழக்கத்தில் வாளி மூடியை இறுக்கிவிட்டேன். சிறிது நேரத்தில் நிப்பிளில் நீர் வருவது நின்றுவிட்டது. நிப்பிளுக்கு நீர் இறங்க மேலிருந்து காற்று உள்ளே வந்தாக வேண்டும். மூடியில் சிறு துளையிட்டு, கொசு புகாமல் வலைத்துணி ஒட்டியதும் சரியானது. எங்கள் போர்வெல் தண்ணீரின் உப்பு படிந்து ஊசிகள் இறுகும்போது, அவற்றைக் கழற்றி இரவு முழுவதும் வினிகரில் ஊறவைத்துக் கழுவுகிறேன்.

இளம் கோழிகள் ஊசியைக் கொத்திக் குடிக்க இரண்டே நாளில் பழகிக்கொண்டன. வயதான மூன்று பெட்டைகள் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. வெயில் நாளில் கோழி வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நீர் குடிக்கும். அவற்றைத் தாகத்தோடு விட்டுப் பழக்க எனக்கு மனம் வரவில்லை. நிழலில் ஒரு 5 லிட்டர் கேன் அவற்றுக்காக இன்னும் இருக்கிறது. குஞ்சுகள் தவறி விழுந்து மூழ்காதபடி அதன் தட்டில் கூழாங்கற்களைப் பரப்பி வைத்திருக்கிறேன்.