பாய்லரா, லாஃப்டா

டிசம்பர் 28
பாய்லர் பிரஷர் முள் மறுபடியும் 0.6 பார். நேற்று ராத்திரி 1.4-க்கு ஏற்றிவிட்டுத்தான் படுத்தேன்.

டிசம்பர் 29
காலை ஆறு மணிக்கு அம்மா அறையில் 14.5 டிகிரி. பதினெட்டுக்குக் கீழே விடாதீர்கள் என்று வீட்டுக்கு அனுப்பும்போதே நர்ஸ் சொன்னார், நெஞ்சுச்சளி திரும்பினால் இந்த வயசில் தாங்காது என்று. ரேடியேட்டரில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. ஆனால் அறை ஏற மாட்டேன் என்கிறது. ரெண்டு ஸ்வெட்டர், குல்லா, அதன் மேல் சால்வை. "எனக்கு ஒண்ணும் குளிரல, நீ போய் வேலையப் பாரு" என்கிறாள். காபி டம்ளரை வாங்கும்போது விரல் பட்டது, ஐஸ் மாதிரி.

இவர் புது பாய்லர் போட்டுவிடலாம் என்கிறார். 2009-ல் மாட்டியது, இன்னும் எத்தனை நாள் ஓடும் என்கிறார். கொட்டேஷன் 2,900 பவுண்ட்.

டிசம்பர் 31
பாய்லர் ரிப்பேர் பார்க்கிற யாழ்ப்பாணத்து அண்ணா வந்து பார்த்தார். மூடியைக் கழற்றி, உள்ளே சிவப்பாகத் தட்டு மாதிரி இருக்கும் எக்ஸ்பான்ஷன் வெசலில், சைக்கிள் டியூப் வால்வு போலவே ஒன்று இருக்கிறது, அதை ஸ்க்ரூடிரைவர் முனையால் அமுக்கினார். காற்று வர வேண்டிய இடத்தில் கறுப்புத் தண்ணீர் சொட்டியது. உள்ளே இருக்கிற ரப்பர் கிழிந்துவிட்டதாம். தண்ணீர் சூடாகி விரியும்போது போக இடமில்லாமல் பிரஷர் 3 வரை ஏறி, வெளிச்சுவர்க் குழாய் வழியாகக் கொட்டிவிடுகிறது, ஆறியதும் முள் கீழே இறங்கிவிடுகிறது. அந்தக் குழாய்க்கு அடியில் செங்கல் பச்சையாகக் கறை பிடித்திருப்பதைக் கூட்டிப்போய்க் காட்டினார். இத்தனை நாள் பாசி என்று நினைத்திருந்தேன்.

"பெட்டியில பெரிய பிழையில்லை தங்கச்சி. அது சூட்டைக் குடுக்குது. உங்கட வீடுதான் பிடிச்சு வைக்குதில்லை."

வெசல் மாற்ற 220 பவுண்ட். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜனவரி 1
அம்மா இருமினாள். மூன்று தடவை.

ஜனவரி 3
காலையில் குப்பைத் தொட்டியை வெளியே இழுத்து வைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். தெரு முழுக்கக் கூரைகள் உறைபனியில் வெள்ளையாக இருக்கின்றன, கோலமாவு சலித்த மாதிரி. எங்கள் கூரையில் மட்டும் நடுவில் கறுப்பாக ஈர ஓடு. பக்கத்து வீடும் ஒட்டிக் கட்டிய அதே லண்டன் ஈஸ்ட் ஹாம் வீடுதான், அதே நூறு வருஷத்துக்கு மேல் பழசான ஓட்டுக்கூரை, ஆனால் அங்கே பனி ஓரம் வரைக்கும் உருகாமல் இருக்கிறது. எங்கள் வீட்டில் பனி உருகின இடம் எது என்று மனசுக்குள் அளந்து பார்த்தேன். நேராக அம்மா கட்டிலுக்கு மேலே. ராத்திரி முழுக்க நாங்கள் எரித்த கேஸ் அங்கேதான் போயிருக்கிறது, அம்மாவைத் தாண்டி மேலே.

போட்டோ எடுத்து இவருக்கு அனுப்பினேன். பதில் இல்லை.

ஜனவரி 4
சண்டை. சத்தமில்லாத சண்டை, அம்மா காதில் விழக்கூடாதே. இவருக்குப் புது பாய்லர்; எனக்கு முதலில் லாஃப்டில், அதாவது கூரைக்கு அடியிலிருக்கிற பரணில், சூடு வெளியே போகாமல் தடுக்கிற இன்சுலேஷன்.

நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். நேற்று முழு நாளும் மீட்டரில் ஓடினது 9 கன மீட்டர், அதாவது 100 கிலோவாட் மணி. வெந்நீரும் சேர்த்து, இருபத்துநாலு மணி நேரத்துக்குச் சராசரி நாலு கிலோவாட். பாய்லரோ 24 கிலோவாட். அதற்குச் சக்தி போதவில்லை என்று எப்படிச் சொல்வது? பழசு நூற்றுக்கு எண்பதுதான் தருகிறது, புதுசு தொண்ணூறு தரும் என்றே வைத்துக்கொண்டாலும் கேஸில் மிச்சம் 11 சதவீதம். அந்த அறை அப்போதும் அதே வேகத்தில்தான் ஆறும். அப்புறம் வரி: இன்சுலேஷன் போட்டுத் தருகிற வேலைக்கு 2027 மார்ச் 31 வரை மதிப்புக்கூட்டு வரி (VAT) கிடையாது, கேஸ் பாய்லருக்கு 20 சதவீதம். ஒருநாள் கேஸ் பாய்லருக்குப் பதிலாக, வெளிக்காற்றிலிருந்து சூட்டை உள்ளே இழுக்கிற ஹீட் பம்ப் போடுவதென்றால் 7,500 பவுண்ட் அரசு மானியம் இருக்கிறது, ஆனால் அது நன்றாக ஓடவும் முதலில் வீடு சூட்டைப் பிடிக்க வேண்டும்.

எல்லாம் கேட்டுவிட்டு இவர் ஒன்றே ஒன்று கேட்டார். "ஜனவரி நடுவுல நின்னு போச்சுன்னா அத்தைய எங்க படுக்க வைப்ப?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஜனவரி 6
நின்றுவிட்டது. அதிகாலை மூன்று மணிக்கு உள்ளே கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் எதுவும் இல்லை. பாய்லரின் கழிவுநீர் போகிற பிளாஸ்டிக் குழாய் வெளியே உறைந்திருந்தது. இவர் டார்ச் பிடிக்க, நான் வெதுவெதுப்பான தண்ணீரைச் செம்பு செம்பாக ஊற்றினேன். கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் குழாய் வெடித்துவிடலாம். ஏழாவது செம்பில் உள்ளே ஐஸ் சரிந்து விழுகிற சத்தம் கேட்டது. மாடிக்கு ஓடி ரீசெட் பண்ணினேன். எரிந்தது.

அம்மா அறை 12. இவர் சொன்னதுதான் சரியோ என்று விடிகிறவரை உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 7
0.7.

ஜனவரி 9
இவரே லாஃப்டுக்கு ஏறினார், நான் கேட்காமலேயே. அங்கே இருக்கிற இன்சுலேஷனில் ஸ்கேலை நீட்டிப் பார்த்துவிட்டுக் கீழே குரல் கொடுத்தார்: 75 மில்லிமீட்டர். இருக்க வேண்டியது 270. சில இடங்களில் அதுவும் இல்லை, எப்போதோ யாரோ ஒயர் இழுக்கப் புரட்டிப் போட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். புரட்டினது அம்மா அறைக்கு மேலே. இறங்கி வந்து தலையில் தூசியோடு நின்றார். "சரி, முதல்ல இதப் போடலாம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வெசலும் மாற்றிவிடலாம், வெளிக்குழாய்க்கு ஸ்பாஞ்ச் உறையும் போடச் சொல்லலாம். சுவர் ஒன்பது அங்குல ஒற்றைச் செங்கல் சுவர், நடுவில் இடைவெளியே கிடையாது, அதற்கு இப்போது கை வைக்க முடியாது.

ஜனவரி 14
வெசல் ஆயிற்று. அண்ணா பணத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டே, ரேடியேட்டருக்குப் போகிற தண்ணீரை 75 டிகிரியிலிருந்து 60-க்கு இறக்கிவிட்டுப் போனார். திரும்பி வருகிற தண்ணீர் 55-க்குக் கீழே இருந்தால்தான் புகையில் போகிற சூட்டையும் பாய்லர் பிடித்துக்கொள்ளுமாம். பதினாறு வருஷமாக யாரும் சொன்னதில்லை.

ஜனவரி 17
லாஃப்ட் முடிந்தது. சட்டங்களுக்கு நடுவில் 100 மில்லிமீட்டர், அதன் மேல் குறுக்காக 170. இறவாணம் ஓரத்தில் காற்றுக்கு இடைவெளி விட்டிருக்கிறார்களா என்று நானே ஏறிப் பார்த்தேன். விட்டிருக்கிறார்கள். லாஃப்ட் கதவுக்கு மேல் இன்சுலேஷன் துண்டு வைக்க மறந்திருந்தார்கள், கூப்பிட்டு வைக்கச் சொன்னேன்.

ஜனவரி 18
காலை ஆறு மணி, 17. எல்லாம் அணைத்து ஏழு மணி நேரம் கழித்து.

ஜனவரி 19
17.5. அம்மா தூக்கத்தில் சால்வையைத் தள்ளிவிட்டிருக்கிறாள். இருமல் ஒன்று, சின்னது. பனி இல்லாததால் கூரையைப் பார்க்க முடியவில்லை.

மதியம் முள் 1.3. இப்போது 1.2 மாதிரி இருக்கிறது, கோணத்தால் அப்படித் தெரிகிறதோ என்னவோ. ஒரு டேப் துண்டு ஒட்டி வைத்திருக்கிறேன், காலையில் பார்க்க வேண்டும்.