நாலு டிகிரிச் சேறு

சேற்றுக் குழாயை ஆட்டாமல் தூக்குவதுதான் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்த வேலை. டென்மார்க்கில் ஒரு கடல் ஆய்வுக்கூடம். குழாயில் கடலடிச் சேறு, அதன்மேல் அதே கடலின் தண்ணீர். சேற்றின் மேல் சில மில்லிமீட்டர் பழுப்பு, அதற்குக் கீழே கறுப்பு. பிராணவாயு அந்தப் பழுப்போடு நின்றுவிடும். கீழே இருக்கும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைக் கொண்டே சுவாசித்து, அதை நைட்ரஜன் வாயுவாக்கி அனுப்பிவிடும். வயலில் போட்ட உரம் ஆற்றோடு வந்து கடலில் பாசியாகப் பெருகாமல் இருப்பதில் இந்தச் சேற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

சேற்றைச் சின்னக் குப்பிகளில் அடைத்து, சாதாரண நைட்ரஜனை (எடை 14) விடக் கனமான நைட்ரஜன்-15 கொண்ட நைட்ரேட் உப்பைச் சேர்த்து, நாலு டிகிரி அறையில் வைப்போம். குறித்த நேரத்துக்கு ஒன்றாக எடுத்து, துத்தநாகக் குளோரைடு விட்டு பாக்டீரியாக்களின் வேலையை நிறுத்த வேண்டும். அதுவரை எவ்வளவு நைட்ரஜன் வாயு உண்டானது என்று அளப்போம். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் அல்லவா, மூடிக்கடியில் கடுகளவு குமிழி இருந்தாலும் கணக்கு கெட்டுவிடும். ஒரு ராத்திரி முழுக்க விழித்துச் செய்த குப்பிகளை விடிந்ததும் கவிழ்த்துப் பார்த்தேன். பன்னிரண்டில் குமிழி ஓடியது. அன்று அழுதுவிட்டேன்.

நாங்கள் சேர்த்த நைட்ரேட்டிலிருந்து ஒரு அணு (15), சேற்றின் அம்மோனியத்திலிருந்து ஒரு அணு (14) என்று ஜோடி சேர்ந்தால் அந்த நைட்ரஜன் வாயுவின் எடை 29. பிராணவாயு இல்லாமலே சில பாக்டீரியாக்கள் இப்படி ஜோடி சேர்ப்பதுதான் அனமாக்ஸ். அதுவரை கழிவுநீர்த் தொட்டிகளில் தெரிந்திருந்த இதை, 2002-இல் தாம்ட்ரப், டால்ஸ்கார்ட் என்ற ஆய்வாளர்கள் டென்மார்க்குக்கும் நார்வேக்கும் இடையிலுள்ள ஸ்காகெராக் கடற்பகுதிச் சேற்றில் காட்டினார்கள். ஓரிடத்தில் வெளியேறிய நைட்ரஜனில் 67 சதவீதம் இதன் வேலை. கிரீன்லாந்துச் சேற்றில் அனமாக்ஸ் 12 டிகிரியிலேயே உச்சத்தைத் தொட்டது, நைட்ரேட்டைச் சுவாசிக்கும் மற்றவைக்கு 24 தேவைப்பட்டது. குளிருக்கென்றே வாழும் உயிர்கள் என்று நினைக்கும்போது இன்றும் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

லீவில் ஈரோட்டுப் பக்கம் ஊருக்கு வந்தபோது அப்புச்சி கேட்டார்: "ஏங்கண்ணு, அத்தனை குளுருல அதுக எப்படி உசுரோட இருக்குது?"

"மெதுவா வேலை செய்யுமுங்க அப்புச்சி, ஆனா நிறுத்தாதுங்க."

அப்புறம் எங்கள் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தேன். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்தான் வரம்பு. எங்களுடையது தாண்டியிருந்தது. கடலடிச் சேற்றில் நைட்ரேட்டைச் சுவாசிக்கும் உயிர்களுக்குத் தின்ன மக்கும் பொருள் நிறைய உண்டு. எங்கள் கிணற்றுக்கு அடியில் வெறும் பாறை. மஞ்சளுக்குப் போட்டதில் வேர் எடுக்காத யூரியா நைட்ரேட்டாகி இறங்கினால் அங்கேயே கிடக்கும்.

அப்புச்சி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்படின்னா ஒரேதா கொட்டாம பிரிச்சுப் பிரிச்சுப் போடோணும்" என்றார். ஆத்துத் தண்ணி வரும் நேரம். குடத்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.