இன்னொரு வாஷர்

சிறிய மருத்துவ சிலிண்டரில் ரெகுலேட்டர் மாட்டக் கற்றுக்கொடுக்கும்போது, புதிதாக வருபவர்களுக்கு அந்த இரண்டு பின்களை ரொம்பப் பிடித்துப்போகும். வால்வில் இரண்டு துளைகள், ரெகுலேட்டரின் வளையத்தில் அவற்றுக்கு நேராக இரண்டு பின்கள். ஆக்ஸிஜனுக்கு 2, 5 என்ற இடங்கள். நைட்ரஸ் ஆக்ஸைடுக்கு 3, 5. மருத்துவக் காற்றுக்கு 1, 5. மாற்றி வைத்தால் உட்காராது. "அப்போ தப்பே நடக்காதா சார்?" என்று யாராவது கேட்பார்கள்.

நடக்கும். வால்வுக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் வாஷரால் நடக்கும்.

கசிகிறது என்றால் பழைய வாஷரின் மேலேயே இன்னொன்றை வைத்து இறுக்கிவிடும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். சீறல் நின்றுவிடும், எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் வாஷரின் கனம் கூடக் கூட, பின்கள் துளை வரை எட்டாமலே போகலாம். அப்புறம் வேறு வாயு சிலிண்டரும் மறுப்பு சொல்லாமல் மாட்டிக்கொள்ளும். அதனால் பழையதை எடுத்து எறிந்துவிட்டு, நசுங்காத புதியது ஒன்றே ஒன்று. டெஃப்ளான் டேப்புக்கு இங்கே வேலையே இல்லை. சிலிண்டரின் நிறத்தையும் நான் நம்புவதில்லை. ஆக்ஸிஜனுக்கு ஓரிடத்தில் பச்சை, இன்னோரிடத்தில் வெள்ளை. லேபிளைத்தான் படிக்கச் சொல்வேன்.

மாட்டுவதற்கு முன் வால்வின் வாயை ஆள் இல்லாத பக்கம் திருப்பி, ஒரு நொடி லேசாகத் திறந்து மூட வேண்டும். உள்ளே இருக்கும் தூசி வெளியேறிவிடும். கையில் எண்ணெய், க்ரீம், காயாத சானிடைசர் எதுவும் கூடாது. ரெகுலேட்டரை வால்வோடு அழுத்திப் பிடிக்கும் திருகைக் கையால் இறுக்கினால் போதும், பலத்தைக் காட்டினால் வாஷர்தான் நசுங்கும்.

திறப்பதில்தான் அவசரம் வரும். பக்கத்தில் நோயாளி மூச்சு வாங்கும்போது யாருக்கும் மெதுவாகத் திறக்கத் தோன்றாது. ஆனால் வால்வைச் சட்டென்று திறந்தால், பாய்ந்து வரும் ஆக்ஸிஜன் ரெகுலேட்டருக்குள் ஒரே கணத்தில் அமுங்கிப் பயங்கரமாகச் சூடாகும். தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் அங்கேயே பற்றிக்கொள்ளும். வாயு வெளியேறும் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃப்ளோ குமிழ் மூடியிருக்க, அழுத்தம் காட்டும் மீட்டருக்கு நேரே நிற்காமல், முள் மெல்ல ஏறுவதைப் பார்த்தபடி திறக்க வேண்டும். இதற்குச் சில நொடிதான் ஆகும்.

சீறல் கேட்டால், உள்ளே அழுத்தம் இருக்கும்போது இறுக்கக் கூடாது. வால்வை மூடி, ஃப்ளோ குமிழைத் திறந்து, முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் திருகில் கை வைக்க வேண்டும். கழற்றும்போதும் இதே வரிசைதான். திருகு கையால் அசையவில்லை என்றால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வேன். ஸ்பானரைத் தேட மாட்டேன்.