விடைத்தாள் கொடுக்கும் நாள்

காலாண்டு விடைத்தாள் கொடுக்கும்போது வகுப்பைக் கவனித்தால் தெரியும். 61-லிருந்து 72-க்கு ஏறியவள் லேசாகச் சிரித்துவிட்டுத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிடுவாள். 96-லிருந்து 88-க்கு இறங்கியவன் பக்கம் பக்கமாகப் புரட்டி, கூட்டலை மறுபடி மறுபடி சரிபார்த்து, மதியம்வரை யாரோடும் பேசமாட்டான்.

ஒரே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியைவிட நட்டம் தரும் வலி பெரிது என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதினார்கள். அவர்கள் பேசியது பெரும்பாலும் பணத்தைப் பற்றி. மார்க்குக்கும் அது பொருந்துவதை நான் வகுப்பில் பார்க்கிறேன். நாம் வேறு அதைக் கூட்டிவிடுகிறோம். ஏறினால், "சரி, அடுத்த தடவை சென்டம் வாங்கு." இறங்கினால் வீடே கூடி விசாரணை!

பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதைத் தமிழ்நாடு அரசு 2017-ல் நிறுத்தியது மிக நல்ல முடிவு. வீடுகளில்தான் இன்னும் நிற்கவில்லை. சித்தி மகள், எதிர்வீட்டுப் பையன் என்று பட்டியல் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பெற்றோரே, ஏறி வந்த பிள்ளையிடம் அன்றைக்கு அந்த 11 மார்க்கை மட்டும் பேசுங்கள். இறங்கி வந்த பிள்ளையை ஒரு நாள் விட்டுவிடுங்கள். எந்தக் கேள்வியில் போனது என்று அப்புறம் சேர்ந்து பார்க்கலாம். பொதுத்தேர்வு என்றால் மறுகூட்டல் இருக்கிறது, துணைத்தேர்வு இருக்கிறது. ரொம்ப உடைந்துபோயிருந்தால் அரசின் 104 உதவி எண்ணுக்கு அழையுங்கள், ஆலோசகர்கள் பேசுவார்கள்.